சரி, தவறு என்ற விடை கிடையாது

அறுபது வாக்கியங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
முழுக்க மறுக்கிறேன் தொடங்கி முழுக்க ஏற்கிறேன் வரை.
படிக்கத் தெரியாதவர்களுக்கு
நான் வாசித்துக் காட்ட வேண்டும்.
குரல் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது,
புருவம்கூட உதவக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு.

காசிமேடு. காலை ஏழரை.
ஏலம் முடிந்து
தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர்.
பங்கேற்பாளர் எண் 114, பூங்காவனம்.
வயது ஐம்பத்திரண்டு என்றாள்.
நான் எழுதி முடித்ததும்
"ஐம்பதுன்னே போடு" என்றாள்.

நான் எளிதில் கவலைப்படுபவர்.

"கவலையா? கூறு ஐம்பது ரூபா."
பக்கத்து நண்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.
வெள்ளி வெள்ளியாய்க் கிடந்தது கவலை மீன்.
சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

அந்நியர்களோடு சுலபமாகப் பேசிவிடுவேன்.

"கூடைக்குப் பின்னால குந்திக்கினா
யார் வந்தாலும் பேசுவேன்.
சம்பந்தி வூட்ல வாயே தொறக்க மாட்டேன்.
நீ எங்க வெச்சு கேக்குற?"

கோபத்தை அடக்கிக்கொள்வேன்.

"போட்டு ஓடுறப்பவா, தடைக்காலத்துலயா?"

மூன்றில் குறி வைத்தேன்.
மூன்று என்றால் நடுநிலை.
அந்த உடம்பில் நடுநிலை என்று
ஒரு இடமும் இல்லை.

முதல் செமஸ்டரிலேயே
எல்லாம் ஐந்து வயதுக்குள் முடிந்துபோயிருந்தது.
பயந்துபோய் அம்மாவிடம் கேட்டேன்,
எனக்கு எப்படிப் பால் மறக்கடித்தாய் என்று.
"வேப்பெண்ணெய் தடவினேன்.
ஏன், இன்னும் கசக்குதா?"

அடுத்ததில் நான் ஒரு புறா.
பித்தானைக் கொத்தினால் தானியம்,
கொத்தாவிட்டால் ஒன்றும் இல்லை.
அதன் பிறகு ஒரு முக்கோணம் வரைந்தோம்:
பசி தீர்ந்து, கூரை வேய்ந்து,
பயம் போய், நேசம் கிடைத்து,
கடைசியில் உச்சியில்தான் மனிதர் மலர்வாராம்.
அடித்தட்டிலேயே முப்பது வருஷம் நிற்கும் ஒருத்தி
விடியற்காலை மூன்று மணிக்கு
இவ்வளவு வட்டமாய்
எப்படிப் பொட்டு வைக்கிறாள் என்று
தேர்வில் கேட்கவில்லை.

கடைசியாக வந்தவை ஐந்து காரணிகள்.
ஐந்து என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது,
பள்ளியில் ஐந்திணை மனப்பாடம் செய்தவள்.
ஆனால் திணை பிரித்தவர்கள்
நீ எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை.
எந்த நிலம்,
எந்தப் பொழுது என்றுதான் கேட்டார்கள்.

ஆறு வாரம் கழித்து
அதே ஆட்களிடம் அதே அறுபது.
விடை மாறாதிருந்தால்தான் கருவி நல்ல கருவி.
அதற்குள் தடைக்காலம் பிறந்துவிட்டது.
விசைப்படகுகள் விலாவோடு விலா உரசி நின்றன.
கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"போன தபா இன்னா சொன்னேன்?"
"சொல்லக் கூடாதும்மா."
"அப்ப அதையே எழுதிக்க."
பிறகு அவளாகவே,
"இல்ல, வேணாம். கேளு."

நான் எளிதில் கவலைப்படுபவர்.

நண்டுக்காரி அன்று வரவில்லை.
பூங்காவனம் படகுகளைப் பார்த்தாள்,
அவற்றுக்கு அப்பால் பார்த்தாள்.
"போடு."
"எந்தக் கட்டத்துல?"
"எல்லாத்துலயும் போடு."

புருவம் உதவிவிட்டது என்று நினைக்கிறேன்.
என் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு
அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

114-ஐ எடுத்துவிடு என்றார் மேடம்,
முன்னுக்குப் பின் முரண், சராசரியைக் கெடுக்கும்.
எடுத்துவிட்டேன்.
சொன்னதைச் செய்பவள் நான்,
என் தாளில் அது நான்கு புள்ளி ஆறு.

பீச் ஸ்டேஷனில் ஆவடி வண்டி
கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது.
எதிர் சீட்டில் ஒருத்தி
மடியில் பேப்பர் விரித்து மொச்சை உரித்தாள்.
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
பெரம்பூர் வரும்வரை
உரித்துக்கொண்டே பேசிக்கொண்டு வந்தேன்,
டிபார்ட்மென்டில்
ஊமை என்று பெயரெடுத்த நான்.